மணக்காத மெழுகுதிரிகள்

2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத் தொடக்கம். என் சிநேகிதி ஒருத்தியின் மகளுக்கு நவம்பர் நடுப்பகுதியில் பதிவுத் திருமணம் என்று நாள் குறித்திருந்தார்கள். வருகிறவர்கள் அறுபது பேர். அவர்களுக்குக் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டும். கடையில் வாங்கினதாக இருக்கக் கூடாது. ஊர் ஞாபகமும் அதில் இருக்க வேண்டும் என்று யோசித்து, கடைசியில் மல்லிகை மணமுள்ள மெழுகுதிரிகள் செய்து தரும்படி என்னிடம் கேட்டாள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது நான் பொழுதுபோக்காகப் பழகிய வேலை அது. பத்து, பதினைந்து செய்து அயலவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தத் துணிவில் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் இருபது குவளைகள் வார்த்தேன். மறுநாள் மாலை ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு வந்து பக்கத்தில் இருத்தினேன். அம்மாவுக்கு எண்பது வயது. ஊரில் எங்கள் முற்றத்தில் நின்ற மல்லிகைப் பந்தலை நாற்பது வருடம் பார்த்தவர். அரை மணி நேரம் இருந்துவிட்டு, "பிள்ளை, திரி நல்லா எரியுது. ஆனா மணம் ஒண்டும் வரேல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரும்பாலானோர் செய்யும் பிழைதான். மணம் குறைவு என்றால் வாசனை எண்ணெய் குறைவு என்று எடுத்துக்கொண்டு, இருபதையும் உருக்கி இன்னும் எண்ணெய் விட்டேன். இதனால் மணம் கூடவில்லை. குவளை ஒன்று வெடித்ததுதான் மிச்சம். அது எப்படி நடந்தது, பிறகு எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதினால், இங்கே ரொறன்ரோவிலும் பிற குளிர் நாடுகளிலும் இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

மணம் எங்கிருந்து வருகிறது?

மைக்கேல் ஃபரடே 1860-61 குளிர்காலத்தில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் சிறுவர்களுக்காக ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுதிரி. எரிவது திண்ம மெழுகும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல. திரியின் வழியே மேலேறிச் சூட்டில் ஆவியாகும் மெழுகே எரிகிறது என்பதை அவர் அதில் செய்து காட்டினார். எண்ணெய் விளக்கிலும் நடப்பது இதுதான். மயிர்த்துளைத்தன்மையால் திரி திரவத்தை மேலே இழுக்கிறது. சுவாலை அதை ஆவியாக்கி எரிக்கிறது.

மெழுகோடு கலந்திருக்கும் வாசனை எண்ணெயும் திரி வழியே மேலேறத்தான் செய்யும். ஆனால் சுவாலைக்குள் போனது மணக்காது. மெழுகைப் போல அதுவும் எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறிவிடும். எங்கள் மூக்குக்கு வருவது பெரும்பாலும் சுவாலையைச் சுற்றித் தேங்கி நிற்கும் உருகிய மெழுகுக் குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி எழுவதுதான். எனவே குளம் அகலமாக இருந்தால் மணம் கூடும். சின்னதாக இருந்தால், எவ்வளவு எண்ணெய் கலந்திருந்தாலும், அது குளிர்ந்த மெழுகுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும்.

என் குவளையின் விட்டம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். மூன்று மணி நேரம் எரிந்த பிறகும் அதன் நடுவே உருகியிருந்த குளம் இங்கத்தைய இரண்டு டொலர் நாணயத்தின் அளவுதான் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைத்தான் கையில் எடுத்தேன்.

எவ்வளவு எண்ணெய்?

மெழுகுக்குள் வாசனை எண்ணெய் தங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. மெழுகு இறுகும்போது அதன் மூலக்கூறுகள் பளிங்குகளாக அடுக்கப்படுகின்றன. அந்தப் பளிங்குகளுக்கு இடையே எஞ்சும் சந்துகளில்தான் எண்ணெய் தங்குகிறது. சந்துகள் நிறைந்துவிட்டால் மேலதிக எண்ணெய் வெளியே தள்ளப்படும்.

குவளையில் வார்ப்பதற்கு இன்று பலரும் விரும்புவது சோயா மெழுகு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உருவானது இது. சோயா எண்ணெயில் ஐதரசனைச் சேர்த்து இறுக வைத்துச் செய்கிறார்கள். கனடாவில் சோயா விளையும் மாகாணங்களில் ஒன்ராறியோ முதன்மையானது என்பதால் எங்களுக்கு இது அந்நியப் பொருளும் அல்ல. பெரும்பாலான சோயா மெழுகுகளுக்கு எடையில் 6 முதல் 10 வீதம் வரை எண்ணெய் போதும். ஒவ்வொரு மெழுகுக்கும் உச்ச அளவு என்னவென்று விற்கிறவர்களே குறிப்பிட்டிருப்பார்கள்.

இங்கே 'எடை' என்ற சொல் முக்கியம். கரண்டிக் கணக்கு, மூடிக் கணக்கு சரிவராது. ஒவ்வொரு வாசனை எண்ணெய்க்கும் அடர்த்தி வேறு. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு கிலோ மெழுகுக்கு 8 வீதம் என்றால் 80 கிராம்.

என் முதல் வார்ப்பில் 3 கிலோ மெழுகுக்கு 240 கிராம் விட்டிருந்தேன். அது சரியான அளவுதான். அம்மா சொன்னதற்குப் பிறகு இன்னும் 180 கிராம் சேர்த்து 420 ஆக்கினேன். அதாவது 14 வீதம்.

வியர்க்கும் மெழுகு

இரண்டு நாளில் மெழுகின் மேல் சின்னச் சின்னத் துளிகள் அரும்பின. வியர்வை போல இருந்தது. துடைத்தேன், மறுபடி வந்தது. ஒன்றைக் கொளுத்திப் பார்த்தபோது, திரியைச் சுற்றித் தேங்கியிருந்த எண்ணெய் சூடேறித் தீப்பற்றிக்கொண்டது. சுவாலை ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து கரும்புகை கக்கியது. பக்கத்தில் இருந்த சட்டி மூடியை எடுத்துக் கவிழ்த்தேன். நெருப்பு அணைந்தது, ஆனால் குவளை விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. தொடர்மாடியில் பதினோராவது மாடி எங்கள் வீடு. நடக்கச் சிரமப்படும் அம்மா பக்கத்து அறையில் நித்திரையாக இருந்தார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எண்ணெய் வெளியே கசிவதற்கு அளவு கூடுவது முதற்காரணம். மெழுகு போதிய சூட்டில் இல்லாதபோது எண்ணெயை விட்டு, அரைகுறையாகக் கலக்குவது இரண்டாவது. மூன்றாவது, வெப்பநிலை ஏறி இறங்குவது. ரொறன்ரோவில் இதற்குக் குறைவேயில்லை. பகலில் வெப்பமூட்டிக்கு அருகில், இரவில் பனிபடிந்த ஜன்னலோரம் என்று வைத்தால், மெழுகு விரிந்து சுருங்கி எண்ணெயைப் பிழிந்துவிடும். காரின் பின்பெட்டியில் வைத்து ஏற்றி இறக்கினாலும் இதேதான்.

மருந்து எளிது. கசிந்தவற்றை உருக்கி, மணமற்ற புதிய மெழுகைக் கலந்தால் வீதம் இறங்கிவிடும். என்னிடமிருந்த 3 கிலோவுடன் இன்னும் 3 கிலோ வெறும் மெழுகைச் சேர்த்தேன். 420 கிராம் எண்ணெய் இப்போது 6 கிலோவில். அதாவது 7 வீதம். இருபது குவளைக்கான கலவை நாற்பதுக்குப் போதுமாயிற்று. பிழையிலும் ஒரு சிக்கனம்.

குளிர்காலத்தில் தோன்றும் வேறு இரண்டு குறிகளைக் கசிவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோயா மெழுகின் மேல் வெண்மையாகப் பூப்பது பளிங்குகள் வடிவம் மாறுவதால் வருவது. பழைய சொக்லேற்றின் மேல் படியும் சாம்பல் பூப்பும் அதே வகைதான். குவளையின் உட்புறம் ஈரம் போலத் தெரியும் திட்டுகள், மெழுகு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகியதால் வருபவை. வாசலில் குளிரில் கிடந்த பொதியைப் பிரித்து உடனே வார்த்தால் இது நிச்சயம். குவளைகளை ஒரு நாள் அறைக்குள் வைத்து, கைச்சூட்டுக்கு வந்த பின் வார்க்க வேண்டும். இரண்டும் அழகுக் குறைதான், மணத்துக்குக் கேடில்லை.

எந்தச் சூட்டில் கலப்பது?

எண்ணெய்ப் போத்தல்களில் 'ஃப்ளாஷ் பொயின்ற்' என்று ஒரு வெப்பநிலை குறித்திருப்பார்கள். அந்த வெப்பநிலைக்கு மேலான மெழுகில் எண்ணெயை விட்டால் மணம் எரிந்து போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது, எண்ணெயிலிருந்து எழும் ஆவி அருகில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளக் கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை. ஏற்றி இறக்குவதற்கும் சேமிப்பதற்குமான பாதுகாப்பு எண். மணம் ஆவியாகத் தொடங்கும் எல்லைக்கோடு அல்ல. ஆவியாதல் அதற்குக் கீழேயும் நடக்கும். கலக்கும் அந்தச் சில நிமிடங்களில் போவது சொற்பம்.

இந்த நம்பிக்கையால் ஆறிய மெழுகில் எண்ணெயை விடுகிறவர்களுக்குத்தான் நட்டம். சோயா மெழுகை ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெயை விட்டு, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி சேரும். பிறகு 55 - 65 பாகைக்கு ஆறியதும் வார்க்கலாம். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே நல்லது.

பொறுத்திருத்தல்

நான் மறுநாளே கொளுத்தியது இன்னொரு பிழை. வெளியே இறுகிவிட்டாலும் சோயா மெழுகுக்குள் பளிங்குகள் அடுக்கப்படும் வேலை நாட்கணக்கில் தொடர்கிறது. அது முடிந்து எண்ணெய் சீராகப் பரவ ஒன்று முதல் இரண்டு கிழமை தேவை. பரபின் மெழுகுக்கு மூன்று நாலு நாள் போதும். மூடியிட்டு, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஊறுகாயைப் போலத்தான், போட்ட அன்றே ருசி பார்த்தால் உப்பும் புளியும் தனித்தனியாகத்தான் நிற்கும்.

திரியும் ஜாம் போத்தலும்

அளவைச் சரிசெய்தேன், சூட்டைச் சரிசெய்தேன். ஆனால் அந்த நாணயமளவு குளம்? அதற்கு விடை அம்மாவிடமிருந்துதான் வந்தது. "அப்பா இருந்திருந்தா முதல்ல திரியைத்தான் பார்த்திருப்பார்" என்றார்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாயிற்று. கிடைத்தாலும் யானை விலை. அந்த வருடங்களில் எங்கள் வீடுகளில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய நூல் திரி, சுற்றியிருக்கும் கண்ணாடியே சிமினி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நான் சோதனை எழுதினேன். அப்பா திரி நூலை விரலால் உருட்டி உருட்டிப் பார்ப்பார். ஓர் இழை கூடினால் சுவாலை பெரிதாகும், எண்ணெய் ஓடிவிடும், விடியும்போது எங்கள் மூக்குத் துவாரங்கள் கறுத்திருக்கும். ஓர் இழை குறைந்தால் எழுத்துத் தெரியாது. அந்த இரண்டுக்கும் இடையிலான தடிப்பை அவர் கையால் அறிந்திருந்தார்.

மெழுகுதிரியிலும் எவ்வளவு எரிபொருள் மேலேறும் என்பதைத் தீர்மானிப்பது திரிதான். ஒரே ஒரு வேறுபாடு: அப்பாவுக்குத் தேவைப்பட்டது மிகச் சிறிய சுவாலை; எனக்குத் தேவைப்பட்டது குளத்தை விளிம்பு வரை அகலப்படுத்தக் கூடிய சுவாலை. நான் வாங்கியிருந்த திரி ஒடுக்கமான குவளைகளுக்கானது. அது நடுவில் ஒரு கிணறு தோண்டிக்கொண்டு இறங்கியது.

திரி தடிப்பாகிவிட்டாலும் ஆபத்து. சுவாலை துடிக்கும், புகைக்கும், கண்ணாடி சுடும். எண்ணெயில் பெரும்பகுதி சுவாலைக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடுவதால் மணமும் குறையும். ஆக, 'மணம் வரவில்லை' என்ற ஒரே குறை நேரெதிரான இரண்டு காரணங்களாலும் வரலாம். குளத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பொதுவான கணக்கு, விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம். என் குவளைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் குளம் விளிம்பைத் தொட வேண்டும்; ஆழம் ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்டிருந்தால் நல்லது. மூன்று வெவ்வேறு தடிப்புள்ள திரிகளை வாங்கி, ஒரே மெழுகு, ஒரே எண்ணெய், ஒரே குவளை என்று மூன்று வார்த்து, ஒன்றாகக் கொளுத்திப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் படித்த பாடம். எண்ணெயையும் திரியையும் மெழுகையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. மூன்றில் நடுத்தரமானது மூன்று மணிக்குச் சற்று முன்னதாக விளிம்பைத் தொட்டது. அம்மா அறை வாசலில் நின்று, "இப்ப வருது" என்றார்.

மல்லிகையின் குணம்

எல்லா மணமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தோடை, எலுமிச்சை போன்றவை இலேசான மூலக்கூறுகள். சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். வெட்டிவேரும் சந்தனமும் பாரமானவை; மெதுவாக எழும், நீண்ட நேரம் நிற்கும். கோடையில் பல்கனியில் நுளம்புக்கு ஏற்றும் சிட்ரொனெல்லா மெழுகுதிரியின் எண்ணெயில் ஒரு வகை, இலங்கையின் பெயரையே தாங்கிச் 'சிலோன் வகை' என்று வணிகத்தில் வழங்குகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மல்லிகை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதை நீராவியில் வடித்தெடுக்க முடியாது. சூட்டில் அதன் மணம் குலைந்துவிடும். கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மதுரை, சத்தியமங்கலம், கோயம்புத்தூர் வட்டாரங்களில் இந்தத் தொழில் நடக்கிறது. (மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.) ஆயிரம் கிலோ பூவில் ஒன்றிரண்டு கிலோ சாறு தேறினால் அதிகம். அந்த விலையில் மெழுகுதிரி செய்ய முடியாது. எனவே நாங்கள் வாங்கும் 'மல்லிகை எண்ணெய்' பென்சைல் அசிற்றேற், லினலூல் முதலிய வேதிப்பொருள்களைக் கலந்து ஆய்வுகூடத்தில் செய்த கலவை. அதில் குறை ஒன்றுமில்லை. பூவிலும் அந்தப் பொருள்கள் இருக்கின்றன.

மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைக் கொடுப்பவற்றுள் இன்டோல் ஒன்று. அது தனியே இருந்தால் நாற்றம். சொற்பமாக மற்றவற்றுடன் சேர்ந்தால் இரவு முற்றத்து வாசம். இந்த இன்டோல் நாளாக ஆக மெழுகை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றும். வனிலா கலந்த எண்ணெய்களில் வனிலினும் அப்படியே. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் பழுதாகிவிட்டதாக நினைத்து எறிந்துவிடுவார்கள். நிறம் மாறியது கெட்டதற்கு அடையாளமல்ல. நிறமுள்ள குவளையில் வார்த்தால் தெரியவும் தெரியாது.

எங்களவர்கள் செய்யும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பூசை அறையில் இருக்கும் பன்னீரையோ உடம்பில் பூசும் சென்ற்றையோ மெழுகில் விடக் கூடாது. பன்னீர் தண்ணீர், சூடான மெழுகில் தெறிக்கும், திரியையும் அணைக்கும். சென்ற்றில் பெரும்பகுதி மதுசாரம். அடுப்படியில் அதன் ஆவி பற்றிக்கொள்ளும்.

எங்கள் மூக்கு

எல்லாம் சரியாக இருந்தும் மணம் வரவில்லை என்றால், சோதிக்க வேண்டியது மூக்கை. ஒரே வாசனைக்குள் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். நாள் முழுவதும் மல்லிகை எண்ணெயோடு நின்ற நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவள். வெளியே போய்க் கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து மணந்து பார்க்க வேண்டும். அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கேட்க வேண்டும். அறையின் அளவும் முக்கியம். சின்னக் குவளை பெரிய வரவேற்பறைக்குப் போதாது. சமையலறைப் புகைபோக்கி ஓடிக்கொண்டிருந்தால் மணம் அதன் வழியே வெளியேறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

இந்த நகரில் எங்களில் பலர் ஜன்னல் குறைந்த நிலவறைகளில் குடியிருந்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். அங்கே கூடுதல் எண்ணெயும் தடித்த திரியும் கக்கும் புகை, சுவாச நோயாளிகளுக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் திரியை 6 மில்லிமீற்றருக்கு வெட்டிய பின்னரே கொளுத்துங்கள். தொடர்ந்து நாலு மணிக்கு மேல் எரிய விடாதீர்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூடியால் கவிழுங்கள். எண்ணெயை வாங்கும்போது, 1973இல் தொடங்கப்பட்ட அனைத்துலக வாசனைப் பொருள் சங்கம் விதித்த உச்ச அளவு மெழுகுதிரிக்கு எவ்வளவு என்ற பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மணம் வராதபோது பார்க்க வேண்டிய வரிசை இது: இரண்டு கிழமை ஆயிற்றா? குளம் விளிம்பைத் தொடுகிறதா? கலந்த சூடு சரியா? எடை சரியா? மூக்குக்கு ஓய்வு கொடுத்தாயிற்றா? இவை எல்லாவற்றுக்கும் பிறகே எண்ணெய்ப் போத்தலைத் தொட வேண்டும்.

ஒக்ரோபர் கடைசி வாரத்துக்கு முன்னதாக அறுபதையும் வார்த்து முடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நவம்பரில் சிநேகிதியின் மகள் ஒவ்வொன்றிலும் தன் கையால் பெயர் எழுதிக் கொடுத்தாள். மிஞ்சிய ஒன்றை இரவில் அரை மணி நேரம் அம்மாவின் அறையில் ஏற்றி வைப்பேன். "முத்தத்து மல்லிகை இல்லை. ஆனா அந்தப் பக்கத்தாலதான் வருது" என்பார். அணைத்த பிறகு, திரியை வெட்டி வைத்தாயிற்றா என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.